பதினேழாம் எண் நல்லிணக்க இல்லம்

லா ஃப்ரதெர்னித்தே கார்டனில் யார் வேண்டுமானாலும் வீடு வாங்கலாம் என்றது, விழுப்புரம் சாலையில் ரெட்டியார்பாளையத்தைத் தாண்டியதும் நிற்கும் பெரிய விளம்பரப் பலகை. அந்த 'யார்' என்பதில் யாரெல்லாம் அடக்கம் என்று முடிவு செய்ய ஒரு குழு உண்டு என்பதைப் பலகை சொல்லவில்லை. சொல்ல இடம் இல்லாமல் போயிருக்கலாம். பலகையில் பாதியை ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் அடைத்துக்கொண்டு சிரித்தது.

முஹம்மது ஆரிப் அந்தப் பலகையை மூன்று முறை படித்தான். சேதராப்பட்டில் ஒரு மாத்திரைத் தொழிற்சாலையில் அவன் தரப் பரிசோதகன். மாத்திரை தண்ணீரில் ஒழுங்காகக் கரைகிறதா என்று பார்த்துச் சொல்வது அவன் வேலை. எதையும் மூன்று தரம் சோதிப்பான். மூன்று தரமும் ஒரே விடை வந்தால், சோதித்த முறையில் ஏதோ கோளாறு என்று சந்தேகப்படுவான். மாலையில் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். தேர்வில் தேறியும், தேறியது உண்மைதானா என்ற ஐயத்தில் இரண்டாம் வருடமும் முதல் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தான்.

அவனுக்கு வீடு வேண்டியிருந்தது மாமனாருக்காக. ஒரு காலத்தில் குடைக் கடை வைத்திருந்த பக்ருதீனுக்கு இரண்டு மகள்கள். மூத்தவள் கரீமாவை அய்மானும், இளையவள் ஹனீனை ஆரிப்பும் கட்டியிருந்தார்கள். மாமியார் மவுத்தான பிறகு, பெரியவர் ஒரு மாதம் கரீமா வீட்டிலும் மறுமாதம் ஹனீன் வீட்டிலும் இருந்தார். மாதக் கடைசியில் அவரையும், அவருடைய தலையணையையும், மூச்சுத் திணறலுக்கு மருந்துப் புகை பிடிக்கும் சின்ன இயந்திரத்தையும் ஆட்டோவில் ஏற்ற வேண்டும். ஆட்டோ கிளம்பும்போதெல்லாம் அவர், "நான் இன்னாடி தப்பு பண்ணேன்?" என்று மகளிடம் கேட்பார். முதலில் வேடிக்கையாகத்தான் கேட்டார். போன ரம்ஜானுக்குப் பிறகு அது வேடிக்கையாகக் காதில் விழவில்லை.

எனவே அடுத்தடுத்த வீடுகளாக இரண்டு வாங்கி, நடுச்சுவரில் ஒரு கதவு வைத்துவிடுவது என்று இரண்டு குடும்பமும் முடிவு செய்தன. கதவு வந்துவிட்டால் ஆட்டோ வேண்டாம். அவ்வளவுதான் திட்டம்.

விற்பனை மேலாளர் அரிகிருஷ்ணன் அவர்களைச் சுற்றிக் காட்டினார்.

"இது லிபர்த்தே வீதி சார். பிரெஞ்சுல விடுதலைன்னு அர்த்தம்."

வீதியின் தொடக்கத்தில் தடுப்புக் கம்பமும் முடிவில் பூட்டிய கதவும் இருந்தன.

"அந்தப் பக்கம் எகலித்தே வீதி. சமத்துவம். வீட்டு வேலைக்கு வர்றவங்க, டெலிவரி பசங்க எல்லாம் அந்த வழியா வருவாங்க. நம்ம ரோட்டுல கலக்க மாட்டாங்க."

"ஃப்ரதெர்னித்தே வீதி எங்க?" என்று ஆரிப் கேட்டான்.

"அது சகோதரத்துவம் சார். மொத்த லேஅவுட்டுக்கே அந்தப் பேரை வச்சுட்டோம். அதுக்குன்னு தனியா இடம் ஒதுக்கல."

வீடுகளுக்குக் கடற்கரைப் பக்கத்துப் பழைய பிரெஞ்சு வீடுகள் மாதிரி மஞ்சள் பூசி, வெள்ளைக் கரை கட்டியிருந்தார்கள். வாசலில் காகிதப் பூச்செடி படர்ந்திருந்தது. ஹனீன் ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தாள். பிளாஸ்டிக். நிஜச் செடி பூவை உதிர்த்துக் குப்பை போடுகிறது என்று சங்கம் தடை செய்துவிட்டதாம்.

பதினேழாம் எண்ணும் பதினெட்டாம் எண்ணும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டன. ஆரிப் சட்டைப் பையிலிருந்து ஒரு கோலியை எடுத்துத் தரையில் விட்டான். கோலி சமையலறைப் பக்கம் உருண்டது.

"தரை சாயுதே?"

"கழுவுற தண்ணி ஓடணும் இல்லைங்களா."

படுக்கையறையில் விட்டான். கட்டில் போடும் மூலைக்கு உருண்டது.

"இங்க எந்தத் தண்ணி ஓடணும்?"

அரிகிருஷ்ணன் யோசித்தார். "அது வாஸ்து சார்."

"நீ கோலி ஆடு சகலை," என்றான் அய்மான். காந்தி வீதியில் பெட்டி, பை விற்கிறவன். எந்தப் பொருளையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து விலை சொல்லக்கூடியவன். "நான் கதவு எங்க வைக்கறதுன்னு பாக்கறேன்."

பக்ருதீன் நடுச்சுவர் அருகே போய் நின்றார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "கரீமா, நீ அந்தப் பக்கம் போ. போய் மூணு தட்டு தட்டு," என்றார். கரீமா அடுத்த வீட்டுக்குப் போய்த் தட்டினாள். பெரியவர் கையில் அது வந்து சேர்ந்தது. "வந்துட்டா," என்றார். திரும்ப மூன்று தட்டினார். கரீமாவின் மகள் இஃப்ஃபத் அந்தப் பக்கத்திலிருந்து பத்துப் பதினைந்து தட்டுத் தட்டினாள். அப்பாவும் மகள்களும் சிரித்தார்கள். ஆரிப்புக்கு முதல் தடவையாகச் சோதிக்காமலே ஒன்று பிடித்துப்போயிற்று.

"இனிமே ஒரு சின்ன ஃபார்மாலிட்டிதான் சார்," என்றார் அரிகிருஷ்ணன். "சங்கத்துல உங்களப் பாக்கணும்னு ஆசைப்படறாங்க."

சங்கத்துக்கு ஆசை இருந்தது உண்மை. குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் தெய்வசிகாமணி ஏதோ ஓர் அரசுத் துறையில் இணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த நேரத்தில் யார் வந்தாலும், பிரெஞ்சில் பகல் வணக்கமான "பொன்ஷூர்" என்பார். பண்பாட்டுக் குழுச் செயலாளர் ஹேமலதா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆரிப்பும் அய்மானும் உள்ளே நுழைந்ததும் இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். இதுவரை வீடு பார்க்கப் போன இடங்களில் பெயரைக் கேட்டதும் வீட்டுக்காரர்கள் எழுந்தது வாசலைக் காட்டத்தான். ஆரிப் நெகிழ்ந்துபோனான்.

"உங்களுக்காகத்தான் சார் இவ்ளோ நாளா காத்துட்டிருந்தோம்," என்றார் தெய்வசிகாமணி. "கட்டுநர் கூட்டமைப்புல வருஷா வருஷம் சமூக நல்லிணக்கக் குடியிருப்பு விருதுன்னு ஒண்ணு தராங்க. போன வருஷம் நீச்சல் குளத்துல நமக்குத்தான் முதல் மார்க். மழைநீர் சேகரிப்புல முதல் மார்க். நல்லிணக்கத்துல மட்டும் பூஜ்யம். ஏன்? எல்லா வீட்லயும் ஒரே மாதிரி ஆளுங்க. யார்கூட இணங்கறது? நாங்க இணக்கமா இருக்கத் தயாரா இருக்கோம் சார். எதிர்ப்பக்கம் ஆள் இல்ல."

"நாலாம் நம்பர் வீட்ல இந்த வருஷம்தான் ஒரு கிறிஸ்டியன் ஃபேமிலி வந்தாங்க," என்றார் ஹேமலதா. "பிரான்ஸ் கவர்மெண்ட் பென்ஷன். கிறிஸ்மஸுக்கு ஸ்டார் கட்டுவாங்க. அந்த இடம் ஃபில் ஆயிடுச்சு."

"அதனால பதினேழாம் நம்பரை நல்லிணக்க இல்லம்னு ஒதுக்கிட்டோம். கேட்டுக்குப் பக்கத்துலயே இருக்கு. உள்ள வர்றவங்க கண்ணுல முதல்ல அதான் படும்."

"நாங்க ரெண்டு குடும்பம் சார்," என்றான் அய்மான். "பதினேழு, பதினெட்டு, ரெண்டும் கேக்கறோம்."

தெய்வசிகாமணியின் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. எங்களுக்கு எந்த வேறுபாடும் கிடையாது. இது கணக்கு. ஒரு வீடு இருந்தா நல்லிணக்கம். ரெண்டு இருந்தா, ஹேமலதா, ரெண்டு இருந்தா இன்னா சொன்னோம் கமிட்டில?"

"ஏரியா சார்."

"ஆங். ஏரியா."

வெளியே வந்ததும் அய்மான் வண்டியைக் கிளப்பாமல் அதன்மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தான்.

"நம்ம ரெண்டு பேரையும் சேத்து ஒரே ஆளுன்னு எழுதிக் குடுத்தா ஒத்துப்பாங்களா சகலை?"

"வேணாம் விடு. வேற எடம் பாப்போம்," என்றான் ஆரிப்.

வேறு இடங்கள் பார்த்தார்கள். ஓரிடத்தில் வீடு நேற்றுதான் விற்றுப்போயிற்று. அந்த வீடு இன்னும் விளம்பரத்தில் இருந்தது. இன்னோரிடத்தில் உரிமையாளருக்கு ஆட்சேபணை இல்லை, அவருடைய அம்மாவுக்குத்தான். அம்மா ஆஸ்திரேலியாவில் இருந்தார். மாதம் முடிந்தது. பெரியவரை ஆட்டோவில் ஏற்றினார்கள். "இன்னாடி தப்பு பண்ணேன்?" என்று அவர் கேட்ட அன்று மாலை, ஹனீன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

"ஒரு வீடாவது கெடைக்கட்டுமேங்க. அக்காவுக்குக் கெடைச்சாலும் சரி. அத்தா ஒரே எடத்துல இருப்பாரு. நாம போய்ப் பாத்துட்டு வருவோம்."

கரீமாவும் அதையே சொன்னாள். இரண்டு குடும்பமும் போட்டியில் இறங்கின. இது போட்டியே இல்லை என்று இரண்டு குடும்பமும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டன.

முதலில் இல்ல ஆய்வு. ஹேமலதா ஆரிப்பின் வாடகை வீட்டுக்கு வந்து, கூடத்தை, சுவரை, ஹனீனை, ஆரிப்பின் மழித்த முகத்தைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார்.

"சாம்பாரா?"

"ஆமாங்க. முருங்கைக்கா."

"உங்க வீட்டுல சாம்பார் வைப்பீங்களா?"

"வாரத்துல மூணு நாள்," என்றாள் ஹனீன். "மிச்ச நாள் ரசம்."

ஹேமலதா நாற்காலியில் சாய்ந்தார். ஏமாந்துபோனவர் குரலில் பேசினார். "நீங்க அப்படியே எங்கள மாதிரியே இருக்கீங்களே மேடம்."

"அது நல்லதுதானே?"

"மனுஷங்களுக்கு நல்லதுதான். ஜட்ஜுங்க வந்து பாத்தா எப்படிக் கண்டுபிடிப்பாங்க? வாசல்ல நின்னுட்டு, இவங்கதான் அவங்கன்னு நாங்க கைய நீட்டிக் காட்ட முடியுமா? அது நாகரிகமா இருக்காது." பிறகு ஆரிப்பிடம் தணிந்த குரலில் சொன்னார். "ஒரு குறுந்தாடி வச்சுக்கலாமே சார். ட்ரிம் பண்ணது. ரொம்ப வேணாம். ரொம்பன்னா செக்யூரிட்டி கமிட்டி கேள்வி கேக்கும்."

விதிகளையும் அவர் விளக்கினார். மீனும் கறியும் சமைக்கும்போது சன்னல்களைச் சாத்த வேண்டும், அது வாடை. சங்கம் அறிவிக்கும் நாட்களில் பிரியாணி செய்து எல்லா வீட்டுக்கும் கொடுக்க வேண்டும், அது மணம். எது வாடை எது மணம் என்பதில் ஐயம் வந்தால் செயலாளரின் முடிவே இறுதியானது.

அவர் போன பிறகு ஆரிப் கண்ணாடி முன் நெடுநேரம் நின்றான். "நீங்க இன்னாத்துக்கு இப்ப தாடையத் தடவறீங்க?" என்றாள் ஹனீன். "சோதிச்சுப் பாக்கறேன்," என்றான். மறுநாள் சவரம் செய்யவில்லை. அதற்கு மறுநாளும். தொழிற்சாலையில் ஏதாவது வேண்டுதலா என்று கேட்டார்கள். வீட்டுக் கடன் என்று பதில் சொன்னான்.

அய்மான் வீட்டு ஆய்வு வேறு மாதிரி நடந்தது. ஹேமலதா தாடிப் பேச்சை எடுத்ததும், "மேடம், அது எனக்கு அரிக்கும்," என்று சொல்லி அவருக்கு ஒரு கைப்பையைப் பாதி விலைக்குக் கொடுத்தனுப்பினான்.

அடுத்தது நல்லிணக்க விழா. விருதுக்குழு கார்த்திகை மாதத்தில் வருவதாகத் தகவல் அனுப்பியது. ரம்ஜானுக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. தெய்வசிகாமணி இரண்டு குடும்பத்தையும் கூப்பிட்டார்.

"நோன்பு திறக்கற நிகழ்ச்சி வச்சுடுவோம். காலைல பதினோரு மணிக்கு."



"சார், நோன்பு மாசம் இது இல்லைங்களே," என்றான் ஆரிப்.

"தெரியும் சார். ஜட்ஜுங்க இப்பதான வராங்க."

"அது சாயங்காலம் சூரியன் மறையறப்ப திறக்கறது," என்றான் அய்மான்.

"சாயங்காலம் அவங்களுக்குக் கடலூர்ல இன்னொரு லேஅவுட் இருக்கு. மேகமூட்டமாத்தான் இருக்கும். பாக்கறதுக்கு வித்தியாசம் தெரியாது." அவர் பெருந்தன்மையோடு சிரித்தார். "நான் சர்வீஸ்ல இருந்தப்ப அக்டோபர்லயே குடியரசு தின ஒத்திகை நடத்தியிருக்கேன். தேசமே கோவிச்சுக்கல."

வீட்டுக்கு வரும் வழியில் ஆரிப் இதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். கஞ்சி காய்ச்சுவதில் தவறு இல்லை. கஞ்சி என்பது உணவு. பேரீச்சம்பழம் சாப்பிடுவதிலும் தவறு இல்லை. அவன் டிசம்பரில் சாப்பிட்டிருக்கிறான். பந்தலில் உட்கார்வது தவறு இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே தேறின. மொத்தமாகப் பார்க்கும் சோதனையை அவன் செய்யவில்லை.

அன்று காலை எட்டு மணிக்கு இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டுவிட்டு, வளர்ந்த தாடியோடு, ஓரத்தில் கரை போட்ட புதுத் தொப்பியோடு ஆரிப் போய்ச் சேர்ந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. பந்தலில் பச்சை விளக்கு. பெரிய அண்டாவில் ஹனீனும் கரீமாவும் காய்ச்சிய கஞ்சி. பக்ருதீன் வெள்ளைச் சட்டையில், வெள்ளைத் தாடியோடு, நடு நாற்காலியில் இருந்தார். அவரிடம் ஏதோ கல்யாணம் என்று சொல்லி அழைத்து வந்திருந்தார்கள்.

விருதுக்குழுவில் ஓர் அம்மாளும் இரண்டு ஆண்களும் இருந்தார்கள். தெய்வசிகாமணி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பொன்ஷூர். சகோதரத்துவம்னா என்ன? நம்ம வீட்டுக்குள்ள அடுத்தவனை விடறது. எத்தனை பேரை விடறோம்ங்கறது முக்கியம் இல்ல. ஒருத்தரை விட்டாலும் அவரை எல்லாரும் பாக்கற மாதிரி விடணும். எங்க காலனில மதம் பாத்து யாரையும் ஒதுக்கறது இல்ல. மதம் பாத்துத்தான் ஒதுக்கீடே பண்ணியிருக்கோம்."

கைதட்டினார்கள். விருதுக்குழு அம்மாள் அய்மானிடம் குனிந்து, "எத்தனை நாளா நோன்பு இருக்கீங்க?" என்று கேட்டார்.

"இப்ப நோன்பு இல்லைங்கம்மா. மாசம் வேற," என்றான் அய்மான் சாதாரணமாக. "கஞ்சி மட்டும் நிஜம். சூடா இருக்குது, குடிங்க."

 ஹேமலதா கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மாள் குழப்பத்தோடு ஆரிப்பின் பக்கம் திரும்பினார்.

"நீங்க?"

ஆரிப் அண்டாவைப் பார்த்தான். ஹனீனைப் பார்த்தான். நடு நாற்காலியில் கல்யாண மாப்பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த மாமனாரைப் பார்த்தான். கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

"காலைலேர்ந்து மேடம்," என்றான்.

தெய்வசிகாமணி அவன் வாயில் ஒரு பேரீச்சம்பழத்தை வைத்தார். படம் எடுக்க வசதியாக, அதை மூன்று தரம் வைத்தார்.

தனித்தனி நேர்காணல் அடுத்த வாரம் நடந்தது. அய்மான் முந்தைய நாள் போய்விட்டு வந்திருந்தான். என்ன கேட்டார்கள் என்று ஆரிப் விசாரித்தபோது, "பொன்ஷூர்னாங்க, நானும் பொன்ஷூர்னேன், டீ குடுத்தாங்க," என்றான்.

ஆரிப்புக்கும் டீ வந்தது. தெய்வசிகாமணி கதவைச் சாத்தினார்.

"இது நமக்குள்ள இருக்கட்டும். அய்மான் எப்படி?"

"நல்லவரு சார்."

"அது சரி. குடியிருக்கறதுக்கு எப்படி?"

ஆரிப் யோசித்தான். பொய் சொல்லக்கூடாது என்பது அவன் கொள்கை. தொழிற்சாலை அறிக்கையிலும் உள்ளதை மட்டும்தான் எழுதுவான். ஆனால் எதை எழுதினால் ஒரு பெட்டி மாத்திரை திரும்பிப் போகும் என்பது அவனுக்குத் தெரியும்.

"நல்லவரு சார்," என்றான் மறுபடி. "வீட்டுக்கு ஆளுங்க நிறைய வருவாங்க."

ஹேமலதா நிமிர்ந்தார். "எந்த மாதிரி ஆளுங்க?"

"சொந்தக்காரங்கதான். பெருநாள், கல்யாணம்னா வந்துடுவாங்க. அவரு எல்லாத்தையும் கூப்பிடுவாரு. பக்ரீத்துக்குப் போன வருஷம் மாடில ஆடு கட்டியிருந்தாரு."

எல்லாம் உண்மை. அந்த ஆட்டுக்கு இரண்டு நாள் தழை பறித்துப் போட்டது ஆரிப்தான். அதை அவர்கள் கேட்கவில்லை.

"நன்றி சார்," என்றார் தெய்வசிகாமணி. அவர் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு சிரித்தார். "வேடிக்கை பாருங்க. நேத்து இதே கேள்விய அவரு கிட்ட உங்களப் பத்திக் கேட்டோம். என் சகலைக்கே குடுத்துடுங்க சார்னு சொல்லிட்டாரு. அவன் அமைதியான பையன், மாமாவ நல்லாப் பாத்துப்பான், நான் சத்தம் போடற ஆளு, எனக்கு இது சரிப்படாதுன்னாரு. போட்டிக்கு வந்தவரே எதிராளிக்குச் சிபாரிசு. எங்க ரெண்டு பேருக்கும் ரொம்பத் திகைப்பாப் போச்சு. ஒருவேளை நீங்களும் அப்படியே சொல்லிட்டா யாருக்குக் குடுக்கறதுன்னு கமிட்டில பயந்தாங்க. நல்லவேளை, நீங்க தெளிவா இருந்தீங்க."

ஆரிப் டீயைக் குடித்து முடித்தான். சர்க்கரை அதிகம் என்று தோன்றியது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வீடு கிடைத்த செய்தியைக் கேட்டு அய்மான்தான் முதலில் இனிப்பு வாங்கி வந்தான். "இன்னா சகலை, தாடி ஜெயிச்சிடுச்சு," என்று ஆரிப்பின் தாடையைப் பிடித்து ஆட்டினான். ஹனீன் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.  நேர்காணலில் நடந்ததை அய்மானிடம் சொல்ல ஏற்ற ஒரு வாக்கியத்தை ஆரிப் பலமுறை தயார் செய்து பார்த்தான். ஒவ்வொன்றிலும் ஆடு வந்தது.

குடி போனார்கள். பெரியவருக்கு நடுச்சுவரை ஒட்டிக் கட்டில் போட்டார்கள்.

"கதவு எங்க?" என்றார் பக்ருதீன்.

ஆரிப் ஹனீனைப் பார்த்தான். ஹனீன் தலையணை உறையைச் சரி செய்தாள்.

"அந்தப் பக்கம் இன்னும் வேல முடியலை அத்தா," என்றான் ஆரிப். "முடிஞ்சதும் அவங்க வந்துடுவாங்க. அப்புறம் கதவு."

பதினெட்டாம் எண்ணில் வேலை எப்போதோ முடிந்திருந்தது. அதைச் சங்கமே தன் அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டது. நல்லிணக்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் வேலை செய்யவே உற்சாகமாக இருக்கிறது என்றார் ஹேமலதா. அந்த வருட விருது கிடைத்தது. கேடயத்தில் பக்ருதீன் படமும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் புதிய வாடிக்கையாளர்களை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் வரும். அப்போது பெரியவர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அரிகிருஷ்ணன் கையைக் காட்டியதும் வேனில் இருப்பவர்கள் கையசைப்பார்கள். பக்ருதீன் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஸலாம் சொல்வார். நல்ல மனிதர்கள், வாராவாரம் வந்து விசாரிக்கிறார்கள் என்று ஹனீனிடம் சொன்னார்.

அத்தா ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டிருந்தாலும், மாதம் முடிந்தபோது மனசு கேட்காமல் கரீமா தன் முறைக்கு அத்தாவை அழைத்துப் போகக் கேட்டாள். ஆரிப் சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவைக்கப் போனான்.

"பெரியவரையா?" என்றார் தெய்வசிகாமணி. "சார், உங்கள வேணும்னா அனுப்பிடலாம். அவரு இல்லாம எப்படி? அடுத்த விருதுக்கு விண்ணப்பிச்சாச்சு."

"அவங்களும் மகதான் சார்."

"யாரு இல்லைன்னா? வந்து பாத்துட்டுப் போகட்டும். விதிப்படி."

வெள்ளிக்கிழமை மதியம் அய்மானும் கரீமாவும் இஃப்ஃபத்தும் வந்தார்கள். வாயிற் காவலர் இராமதாஸ், மூடிப்போன நூற்பாலையில் முன்பு வேலை பார்த்தவர், தடுப்புக் கம்பத்தைப் பாதி தூக்கிவிட்டு நிறுத்தினார். ஆரிப் வாசலிலிருந்து எழுந்து ஓடி வந்தான்.

"ஒரு நேரத்துல ரெண்டு பேருதாங்க," என்றார் இராமதாஸ். "அதுவும் பதினேழாம் நம்பருக்கு மட்டும் புதுசா சொல்லிக்கறாங்க. மூணு பேர் சேந்து நின்னா கூட்டமாத் தெரியுதாம்."

"இதுல ஒண்ணு கொழந்தைங்க," என்றாள் கரீமா.

"நானும் அதத்தாம்மா கேட்டேன். கொழந்தை வளரும்னு சொல்லிட்டாங்க."

அய்மான் ஆரிப்பைப் பார்த்தான். ஆரிப் கம்பத்தைப் பார்த்தான். அது சரியான கோணத்தில் பொருத்தப்படவில்லை என்பது அவன் கண்ணில் பட்டது.

"நீங்க போய்ப் பாருங்க," என்று அய்மான் மனைவியையும் மகளையும் அனுப்பினான். "நான் இப்பிடி வண்டில குந்தியிருக்கேன். இன்னா சகலை, நான் சத்தம் போடற ஆளு. எனக்கு இதான் சரி." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். இராமதாஸ் தன் நாற்காலியை நிழலுக்கு இழுத்து அவனிடம் தள்ளினார்.

மூன்று வாரம் கழித்து ஒரு மாலை, தெய்வசிகாமணி பதினேழாம் எண்ணின் அழைப்பு மணியை அடித்தார். பக்கத்து வாசலிலிருந்து வந்தவர், செருப்பை மாட்டக்கூட இல்லை.

"பொன்ஷூர். ஒரு சின்னப் புகார். பகல்ல சுவர்ல யாரோ தட்டறாங்க. மூணு மூணாத் தட்டறாங்க. கமிட்டி மீட்டிங்ல பேச முடியல."

ஹனீன் உள்ளேயிருந்து வந்து நின்றாள். "எங்க அத்தாங்க. அக்கா வந்துட்டாளான்னு பாக்கறாரு."

"எந்த அக்கா?"

"அந்த வீட்டுக்கு வர வேண்டியவங்க," என்றாள் ஹனீன். ஆரிப் பக்கம் அவள் திரும்பவில்லை. "வேல முடியலைன்னு அவரு கிட்ட சொல்லியிருக்குது."

தெய்வசிகாமணி அதை மெள்ள உள்வாங்கிக்கொண்டார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. கண்கூடக் கொஞ்சம் கலங்கியது.

"இவ்ளோ நல்ல விஷயத்தை ஏன் சார் நீங்க எங்க கிட்ட சொல்லவே இல்ல?" என்று ஆரிப்பின் தோளைத் தொட்டார். "தட்டறது பிரச்சனையே இல்ல. நேரம்தான் பிரச்சனை. வார நாள்ல வேணாம். ஞாயித்துக்கிழமை வேன் வரும்போது தட்டச் சொல்லுங்க. வெளில உக்கார வைக்க வேணாம், கட்டில்லயே இருக்கட்டும், சன்னலைத் திறந்து வச்சுடுங்க. நான் அந்தப் பக்கம் இருந்து திருப்பித் தட்டறேன். சுவருக்கு ரெண்டு பக்கமும் மனுஷங்க. இதுக்கு மேல நல்லிணக்கம்னா இன்னா சார்?"

ஞாயிற்றுக்கிழமை வேன் நிறைய ஆட்கள். அரிகிருஷ்ணன் எல்லோரையும் இறக்கிச் சன்னலோரம் வரிசையாக நிற்க வைத்தார். பேச வேண்டாம் என்று உதட்டில் விரல் வைத்தார். ஆரிப் தாடியைச் சீவிக்கொண்டு கட்டிலருகே வந்து, "அத்தா, இப்ப தட்டிப் பாருங்க," என்றான்.

பக்ருதீன் மூன்று தட்டினார். பிறகு உள்ளங்கையைச் சுவரில் விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஹனீன் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து மூன்று தட்டுகள் வந்தன. ஒரே அளவு, ஒரே இடைவெளி. ஆரிப் கவனித்துக் கேட்டான். குறை சொல்ல ஏதும் இல்லை.

பெரியவர் முகம் முழுக்க விரிந்தது. சன்னலுக்கு வெளியே கைப்பேசிகள் உயர்ந்தன.

"வந்துட்டா," என்றார் பக்ருதீன். "கரீமா வந்துட்டா, இல்ல மாப்ள?"

"ஆமா அத்தா," என்றான் ஆரிப்.